கழுத்தில் கிடப்பது கிடக்கட்டும்

அடி அண்ணாமலையில் இட்லிக்கடை வைத்திருந்த உண்ணாமலைக்கு வாரத்தில் நான்கு நாள் விரதம். திங்கள் ஒரு சாமிக்கு, செவ்வாய் ஒரு சாமிக்கு, வெள்ளியைச் சொல்லவே வேண்டாம், சனி புருஷனின் ஜாதகத்துக்கு. ஊருக்கெல்லாம் இட்லி அவித்துப் போட்டுவிட்டு இவள் பச்சைத் தண்ணீரில் பொழுதை ஓட்டுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. நாத்தனார் எல்லம்மாள் பக்கத்துத் தெருவில் இருந்து வாரம் தவறாமல் வந்து, "எங்கியோ ஒரு நேர்த்தியில கொறை வெச்சிருக்கடி, நல்லா யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவாள். இவளும் யோசிப்பாள். யோசித்தால் ஏதாவது ஒன்று அகப்படாமலா போகும்? போன ஆடியில் கூழ் ஊற்றும்போது உப்பு மறந்தது ஞாபகத்துக்கு வரும். அதற்கு ஒரு விரதம் கூடும்.

அவள் புருஷன் ஆதிமூலத்துக்கு இந்த நடுக்கமெல்லாம் கிடையாது. வேர்க்கடலை விளைகிற ஒரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, ஒரு கிணறு, அதுதான் அவன் உலகம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வருவான். எதற்கு என்று கேட்டால், "நல்லா இருக்குது, நடக்கறேன்" என்பான். சாமி அவனை ஒரு நாளும் மிரட்டியதில்லை. மிரண்டவள் இவள் ஒருத்திதான், அதைச் சொல்லாமல் விட்டால் கதை கோணிப்போகும்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989இல் கஸ்தூரி என்கிற பெண் கிராம நர்ஸாக அந்த ஊருக்கு வந்தாள். வேங்கிக்காலில் வீடு. காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, உண்ணாமலை கடையில் நான்கு இட்லி தின்றுவிட்டுத்தான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்புவாள். ஒரு நாள் இட்லி வைத்த கையின் நகமெல்லாம் வெளுத்திருப்பதைப் பார்த்து, எழுந்து, உண்ணாமலையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, வெள்ளைக் காயிதமாட்டம் இருக்குது? ரத்தம் ரொம்பக் கம்மி. சாப்பிடறியா இல்லியா?"

உண்ணாமலை தன் விரதங்களை வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கஸ்தூரி மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதக்கா. நாங்க கும்புடற ஏசு, நீ இத்தச் செஞ்சாதான் உன்னைப் பாப்பேன்னு சொல்றவரு இல்ல. செய்யறதுக்கு முன்னாடியே உன்னை வேணும்னுட்டாரு. அப்புறம் எதுக்குப் பயம்?"

அவ்வளவுதான் பேச்சு. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 'செய்யறதுக்கு முன்னாடியே' என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. மாவு ஆட்டும்போது அதே ஞாபகம், பாத்திரம் கழுவும்போதும் அதே ஞாபகம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தன் கடையிலேயே உட்கார்ந்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆறு இட்லி தின்றாள். தின்றுவிட்டு அழுதாள். பிள்ளை கேட்டு அவள் கிறிஸ்துவிடம் போகவில்லை, பிள்ளை வரவும் இல்லை. கழுத்தை நெரித்த பயம் விட்டது, அதற்காகப் போனாள்.

வேங்கிக்காலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூடம், அதில் அறுபது பேர். பாஸ்டர் ராஜேந்திரன் நல்ல மனுஷர். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களோடும் மாடு மேய்க்கிறவர்களோடும் தரையில் குந்திச் சாப்பிடுவார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஏசுவின் கடைசி விருந்தின் நினைவாக அப்பத்தைத் தட்டில் பிட்டு வைத்துப் பந்தி பந்தியாகக் கொண்டுவருவார்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தான் எடுக்கலாம். அது முடிந்ததும் எல்லாருக்கும் சேர்த்துச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை ஆக்குகிற பொறுப்பு வந்த இரண்டாம் மாதமே உண்ணாமலை கைக்கு வந்துவிட்டது. கத்திரிக்காய் சாம்பார் என்றால் அவள்தான்.

ஊர் சும்மா இருக்குமா? எல்லம்மாள் அவள் கையால் தண்ணீர் வாங்குவதை நிறுத்தினாள். கடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்த வம்பு தெரியாததால் கடை பிழைத்தது. ஆதிமூலத்திடம் போய், "பொண்டாட்டிய அடக்கி வெக்கத் தெரியலியாடா" என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு ஞாயிறு தானாகவே தன் டிவிஎஸ் வண்டியை எடுத்து, "ஏறு, நடந்து போய்க் காலை ஒடிச்சுக்காத" என்றான். அன்றிலிருந்து வாரம் தோறும் அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் ஜெபம் முடியும்வரை உட்கார்ந்திருப்பான். உள்ளே மட்டும் வரமாட்டான்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் அறிவொளி வகுப்பு நடந்த காலம் அது. போனாள், எழுத்துக் கூட்டக் கற்றாள். படிக்க என்ன கொடுக்கலாம் என்று யோசித்த கஸ்தூரி, பைபிளில் பவுல் என்கிற ஊழியர் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய நிருபத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அதில் பெரிய நோக்கம் எதுவும் இல்லை. ஆறே அதிகாரம், சின்னது, சீக்கிரம் முடியும் என்றுதான் கொடுத்தாள். பின்னால் பாஸ்டர், "வேற எத்தையாவது குடுத்திருக்கக் கூடாதாம்மா" என்று அவளிடம் நொந்துகொண்டார்.

உண்ணாமலை விரலை வைத்து வரிக்கு வரி போனாள். விருத்தசேதனம் என்ற வார்த்தை நான்கு நாள் பாடாய்ப் படுத்தியது. அர்த்தம் கேட்டால் கஸ்தூரி வெட்கப்பட்டு ஊசி மருந்தை எண்ணத் தொடங்கினாள். கடைசியில் உண்ணாமலையே கண்டுபிடித்தாள்.

"அட, நம்ம பாய் வூட்ல பசங்களுக்குச் சுன்னத் பண்றாங்களே, அதுவா? அத்தச் சொல்ல இவ்ளோ நேரமா?"

அது தெரிந்ததும் கடிதம் அவளுக்குக் கண்ணாடிபோல் ஆயிற்று. புதிதாக நம்பிக்கைக்கு வந்தவர்களிடம் யாரோ சிலர் வந்து, நம்பினால் மட்டும் போதாது, எங்கள் பழைய சட்டப்படி இதையும் செய்துகொண்டால்தான் நீங்கள் முழுசு என்கிறார்கள். அதைக் கேட்டு அந்த ஜனங்களும் தலையாட்டுகிறார்கள். பவுலுக்கு வந்ததே கோபம். யார் உங்களை மயக்கியது என்று கேட்கிறார், விடுதலையானவனுக்கு மறுபடியும் எதற்கு நுகத்தடி என்று கேட்கிறார். கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இந்த மனுசனுக்கு என்னாட்டமே கோவம் வருது" என்று உண்ணாமலை சந்தோஷப்பட்டாள்.

1993 சித்திரையில் அவளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. சபைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தாலியைக் கழற்றி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார்கள். கிண்ணம் இவளிடம் வந்தது.

"இது இன்னாத்துக்கு?"

"பழைய அடையாளம்மா" என்றார் பாஸ்டர். "மஞ்சள் கயிறு, அதுல கோத்திருக்கிற சாமி உருவம், எல்லாம் பழைய வாழ்க்கை. கழட்டிட்டு எறங்கணும். நம்ம தலைமைச் சபையோட ஒழுங்கு. பேரையும் லீதியாள்னு மாத்திக்கலாம்."

"உண்ணாமலைனு கூப்ட்டா அவருக்குக் காது கேக்காதா?"

யாரோ சிரித்தார்கள். பாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பேரு இருக்கட்டும். தாலி?"

உண்ணாமலை கூடத்தின் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர் டீக்கடையில் ஆதிமூலம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கத்தில் தாலியைக் கழற்றுவது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். அதைச் சின்னக் குழந்தையிடம் கேட்டாலும் சொல்லும்.

"அதோ குந்தினு டீ குடிக்கறாரே, அவரு உசிரோட இருக்காரு பாஸ்டர். இருக்கற மனுசனுக்கு நான் தாலி அறுக்கணுமா? அதுல இருக்கற சாமி உருவம் வேணாம்னா எடுத்துடறேன். கயிறும் பொட்டும் அவரு கட்டனது, அது இருக்கும்."

"கழட்டாம எறங்க முடியாதும்மா."

"இதைத்தானே கலாத்தியாவுல பண்ணாங்க? அங்க ஆம்பளைங்களை அறுத்துக்கினு வாங்கடான்னாங்க. இங்க பொம்பளைங்களை அறுத்துட்டு வாங்கடின்றீங்க. தீத்துன்னு அறுத்துக்காத ஒருத்தரைப் பவுல் எருசலேமுக்கே கூட்டினு போனாரு, அங்க யாரும் அவரைக் கட்டாயப்படுத்தலியே. எனக்கு மட்டும் ஏன்?"

கிண்ணம் அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் காய்ந்த சேலையோடு திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். விஷயத்தைக் கேட்ட ஆதிமூலம் வண்டியை உதைத்துக் கிளப்பினான். அப்புறம், "அடுத்த வாரமும் வருவியா?" என்றான். "வராம?" என்றாள் அவள்.

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். திருவிருந்துத் தட்டு பந்தியில் வரும், இவளைத் தாண்டிப் போகும். அவள் கண் அதன் பின்னாலேயே போகும். பசி தெரியாதவளா அவள்? வாரத்தில் நான்கு நாள் பட்டினி கிடந்தவள். ஆனால் அந்தச் சின்னத் துண்டுக்கு ஏங்கிய மாதிரி எதற்கும் ஏங்கியதில்லை. ஒரு தடவை பக்கத்தில் இருந்த கஸ்தூரி மனசு பொறுக்காமல் தன் துண்டைப் பாதி பிட்டு, முந்தானைக்குள் மறைத்து நீட்டினாள்.

"வெச்சுக்க நர்சம்மா" என்றாள் உண்ணாமலை. "திருட்டு மாங்காய்தான் ருசி. இது மாங்காய் இல்ல. குடுத்தா எல்லாரும் பாக்க குடுக்கட்டும்."

அடுத்த வருஷம் தலைமைச் சபையிலிருந்து மூன்று மூப்பர்கள் வந்தார்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அன்று திருவிருந்து முடிந்து பாய் விரித்து இலை போட்டாயிற்று. பாஸ்டர் வழக்கம்போல் சூளைக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். மூப்பர்களில் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். முழுக்கு எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே பந்தியில் என்ன வழக்கம் இது என்று கேட்டிருப்பார் போல. பாஸ்டர் எழுந்தார். இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், மூப்பர்கள் இருந்த உள்ளறைக்கு நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் இலையோடு எழுந்தார்கள்.

உண்ணாமலை சாம்பார் வாளியோடு குறுக்கே வந்து நின்றாள்.

"போன மாசம் எங்ககூட குந்திதானே சாப்ட்டீங்க பாஸ்டர்? இவங்க வந்ததும் இலை எழுந்து போவுது. இதே வேலையத்தான் ஏசுவோட சீடரு பேதுரு பண்ணாரு. பெரியவங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாரோடயும் சாப்ட்டாரு, வந்ததும் நைசா நகந்துட்டாரு. பவுல் மூஞ்சிக்கு நேரா கேட்டாருனு எழுதியிருக்குது. நான் பவுல் இல்ல, இட்லிக்கடைக்காரி. இருந்தாலும் கேக்கறேன். போன மாசம் நீங்க செஞ்சது தப்பா, இன்னிக்குச் செய்யறது தப்பா?"

மூப்பர் ஒருவர், "யாரு இந்தம்மா? ஞானஸ்நானமே எடுக்காதவங்க வேதம் பேசறதா?" என்றார்.

"எடுக்கத்தான் வந்தேங்க. நீங்கதான் விடல" என்றாள் உண்ணாமலை.

பாஸ்டர் ராஜேந்திரனின் முகம் செத்துப்போயிற்று. இலையில் இருந்த சோறு ஆறும்வரை நின்றார். பிறகு திரும்பி வந்து, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். உண்ணாமலை அவர் இலையில் சாம்பார் ஊற்றினாள். மூப்பர்கள் மோர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இத்தோடு எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்தால் உங்களுக்கு ஊர் உலகம் தெரியாது என்று அர்த்தம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான். பத்தாம் நாள் தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது. ஒழுங்கு மாறினால் பாஸ்டரும் மாறுவார் என்று இரண்டே வரி. அவருக்கு இரண்டு பெண்கள், படிக்கிற வயசு. கூடமும் அவர்கள் பெயரில்தான் இருந்தது.

"பந்தியில நீங்க கேட்டது நியாயம் சிஸ்டர்" என்றார் அவளிடம். "ஆனா தாலியோட என்னால எறக்க முடியாது. என்னைப் பலவீனன்னு நெனைச்சுக்குங்க."

"நெனைச்சுக்கல. நான் வந்துக்கினுதான் இருப்பேன்" என்றாள் அவள்.

வந்துகொண்டுதான் இருந்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஊர் அவளை மதம் மாறியவள் என்றது, சபை இன்னும் மாறாதவள் என்றது. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு இட்லி விற்காதே என்று சபையில் ஒருத்தர் புத்தி சொன்னபோது, "பசிச்சவன் யாருக்காக நடந்தா இன்னா, பசிக்குதா இல்லியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். எட்டு வருஷம். முதல் ஞாயிறு தோறும் தட்டு வந்தது, தாண்டிப் போயிற்று. அவள் ஒரு தடவைகூடத் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. தட்டைப் பிடித்தவர்கள்தான் குனிந்துகொண்டார்கள்.

2002 மாசியில் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆதிமூலம் மார்வலி என்று வரப்பில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. உண்ணாமலை மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். ஊர் வழக்கப்படிதான் எடுத்தார்கள், அவள் ஒன்றிலும் குறுக்கே நிற்கவில்லை. "அவரு நம்பனது அவருக்கு" என்றாள்.

பத்தாம் நாள் காலையில் பந்தலுக்குள் பெண்கள் கூடினார்கள். அவளை மனையில் உட்கார வைத்து, பூ வைத்து, மஞ்சள் பூசினார்கள். எல்லம்மாள் அழுதுகொண்டே தாலிக் கயிற்றைப் பிடித்தாள். உண்ணாமலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடு அண்ணி. அவரு இல்லேன்றது எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கறதுக்கு இத்த அறுக்க வேணாம்."

"ஐயோ, இன்னாடி இது? அறுக்கலேன்னா குடும்பத்துக்கே ஆவாதுடி."

"ஆவாதுன்ற பயத்துலதான் ஒம்போது வருசம் பட்டினி கெடந்தேன். போதும்."

பந்தலில் சலசலப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டர் ராஜேந்திரன் கஸ்தூரியோடு துக்கம் விசாரிக்க வந்து நின்றார். மனுஷர் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். எட்டு வருஷமாக மனசில் முள்ளாகக் கிடந்தது இன்றைக்கு எடுபட்டுவிட்டது என்று அவருக்குள் ஒரு நிம்மதி. அதை வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"அழாதீங்க சிஸ்டர்" என்றார். "கர்த்தர் எல்லாத்துக்கும் ஒரு வழி வெச்சிருக்கார். இவங்க வழக்கப்படியே கழட்டிடுவாங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு தடையும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமையே முழுக்கு எடுத்துக்கலாம், தட்டுலயும் கை வைக்கலாம்."

உண்ணாமலை மனையிலிருந்து எழுந்தாள். மஞ்சள் அப்பிய முகம், சிவந்த கண். எல்லம்மாளே இரண்டடி பின்னால் போனாள்.

"என் வூட்டுக்காரர் செத்ததாலதான் எனக்கு வழி தொறந்துச்சுன்றீங்களா பாஸ்டர்?"

"அப்படிச் சொல்லலம்மா…"

"அப்படித்தான் சொன்னீங்க. இவரு உசிரோட இருந்தா நான் வெளிய, இவரு செத்தா நான் உள்ள. அப்ப ஏசு எதுக்குச் செத்தாரு? ஆதிமூலம் செத்ததே போதுமா?"

கஸ்தூரி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எல்லம்மாளுக்கு அந்தப் பேச்சில் பாதிதான் புரிந்தது. ஆனால் தன் தம்பி சாவை யாரோ நல்லதாகப் போயிற்று என்கிறார்கள் என்பது புரிந்தது. அவள் உண்ணாமலையின் தோளோடு தோளாக வந்து நின்று, "இன்னாய்யா பேசற நீ?" என்று பாஸ்டரைக் கேட்டாள். பத்து வருஷத்துக்கு மேலாகத் தண்ணீர் வாங்காதவள் அவள்.

பாஸ்டர் செருப்பைக்கூட மாட்டாமல் பந்தலை விட்டு வெளியே போனார். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். எல்லார் முன்னாலும், கைகூப்பி, "மன்னிச்சிடுங்க சிஸ்டர். ஞாயித்துக்கிழமை வாங்க. இருக்கற மாதிரியே வாங்க" என்றார்.

அந்த ஞாயிறு அவள் பஸ்ஸில் போனாள். வெள்ளைச் சேலை, கழுத்தில் தாலி. புருஷன் இறந்தவள் தாலியோடு வந்து நின்றதைப் பார்த்துச் சபையில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். பாஸ்டர் அவர்களைத் தடுக்கவில்லை. தொட்டியில் இறங்கி, கிண்ணம் எதுவும் கேட்காமல், "உண்ணாமலை" என்று பெயர் சொல்லி அவளை முழுக்கினார். அது முதல் ஞாயிறு. தட்டு வந்தது. அவள் இரண்டு விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடாமல் மென்றாள்.

வைகாசியில் தலைமைச் சபை கூடத்தைப் பூட்டிக்கொண்டது. மிஞ்சியவர்கள் பதினேழு பேர் உண்ணாமலையின் கடைக் கொட்டகையில் கூடத் தொடங்கினார்கள். பாஸ்டர் வாரத்தில் ஆறு நாள் ஒரு அச்சகத்தில் வேலைக்குப் போனார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வியாபாரம் முடிந்து, கஸ்தூரிக்கு இட்லி வைத்துவிட்டு உண்ணாமலை எதிரில் உட்கார்ந்தாள். அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. கஸ்தூரிக்கு வாயில் போட்ட இட்லி இறங்கவில்லை.

"எப்பக்கா கழட்டின?"

"காலைல. நானேதான்."

"அவ்ளோ சண்டை போட்டியே. இப்ப எதுக்கு?"

"இப்பதான் யாரும் கழட்டச் சொல்லல" என்றாள் உண்ணாமலை.